அடுக்களை நடுவே ஒரு மேடை

நம் கல்லூரியினின்றும் வெளிச்சென்று உத்தியோகமும் தொழிலும் பெற்று வாழும் பழைய மாணவர் பலர், இந்நாளில் கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் தமக்கென வீடு கட்டி வருகின்றனர். பாட்டனார் வீட்டை இடித்துக் கட்டுவோரும் உளர்; பாங்கியில் கடன் பெற்றுப் புதுமனை எடுப்போரும் உளர். அவர்தம் அன்பான அழைப்பிற்கிணங்கிப் புதுமனை புகு நாட்களில் யாம் செல்லுங்கால், கூடத்தையும் மாடியையும் காட்டிய பின்னர் வீட்டிற்குடையவர் சிறிது பெருமிதத்தோடு எம்மை அடுக்களைக்கும் அழைத்துச் செல்வது இப்பொழுது ஒரு வழக்கமாகி வருகின்றது. ஆங்கு அறையின் நடுவே, எச்சுவரையும் சாராது, நாற்புறமும் வழிவிட்டு ஒரு மேடை நிற்கின்றது. அதன் அடியில் அலமாரிகளும் இழுப்பறைகளும் அமைந்துள்ளன. ஒரு புறத்தே கற்பலகை முன்னே நீண்டிருக்க, அதனடியில் மூன்று நான்கு உயர்ந்த ஸ்டூல்கள் வரிசையாய் நிற்கின்றன. மேனாட்டார் இதற்குத் 'தீவு' எனப் பெயரிட்டிருக்கின்றனர்.

பெயர் நன்றே. சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் ஓடமேறிச் சென்றவர் அறிவர்: ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகள் அவ்வுப்பங்கழியில் உள்ளனவாயினும், காண்பார்க்கு இன்பந் தருவன தீவுகள் மாத்திரமல்ல, அவற்றிடையே ஓடம் தட்டாது செல்லும் நீர்வழிகளுமே. வழி குறுகின் தீவு சேறாகிவிடும். அடுக்களைத் தீவுக்கும் இஃது ஒக்கும். ஆயினும் யாம் இக்கட்டுரையில் அதனை 'நடுமேடை' என்றே வழங்குவோம். கொத்தனாரிடத்தும் ஆசாரியிடத்தும் பேசுவதற்கு அச்சொல்லே எளிதாயிருக்கின்றது.

இந்நடுமேடை நம்மூர் வீடுகளுக்கு ஏற்றதோ அன்றோ என்று மாணவர் சிலர் எம்மைக் கேட்டனர். இது ஆடம்பரமென்று ஒரே சொல்லால் தள்ளிவிடுதல் எளிது. அங்ஙனம் தள்ளிவிட எமக்கு மனம் ஒருப்படவில்லை. காரணத்தைச் சொல்லுகின்றோம்.

நம் பாட்டிமார் சமைத்த அடுக்களை உட்கார்ந்து சமைக்கும் அடுக்களையாகும். மண்ணடுப்பு தரையோடு தரையாய் இருந்தது. அரிவாள்மணையும் அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையிலேயே கிடந்தன. காய் நறுக்குபவர், தேங்காய் துருவுபவர், கீரை ஆய்பவர் என வீட்டுப் பெண்டிர் பலரும் அடுப்பைச் சூழ வட்டமாய் அமர்ந்திருப்பர். குழந்தைகளும் இடையிற் புகுந்து ஒரு கேரட்டையோ தேங்காய்ச் சில்லையோ கவர்ந்து செல்வர். புகையும் இருந்தது, இருளும் இருந்தது, கண்ணெரிச்சலும் முதுகு வலியும் இருந்தன. அவற்றை யாம் புகழ வரவில்லை. புகையை உட்கொண்டு இருமி மாண்டவர் தொகையை எண்ணினால், பழைய அடுக்களையைப் பாடிப் பரவுதல் பாவமாகும். ஆயின் அவ்வடுக்களையில் ஒன்று மாத்திரம் நன்றாயிருந்தது: சமைப்பவர் தனித்து இருக்கவில்லை.

பின்னர் எரிபொருள் மாறிற்று. 1965ஆம் ஆண்டில் 'இண்டேன்' என்னும் பெயரோடு கல்கத்தாவிற் புறப்பட்ட காஸ் சிலிண்டர் சிறிது சிறிதாய் நாடெங்கும் பரவிற்று. 2007இல் தமிழ்நாட்டு அரசினர் ஏழை இல்லங்களுக்குக் காஸ் அடுப்பை இலவசமாய் வழங்கத் தொடங்கினர். 2011இல் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கும் திட்டமும் வந்தது. அடுப்பு தரையை விட்டு மேடைக்கு ஏறிற்று. அடுப்போடு சமைப்பவரும் எழுந்து நின்றார். புகை நீங்கியது பெரும் பேறே, ஐயமில்லை. எனினும் அம்மேடையைக் கொத்தனார் எங்கே கட்டினார்? சுவரோரத்தில் கட்டினார். அன்றுமுதல் நம் தாய்மார் சுவரை நோக்கி நின்று, வீட்டாருக்கு முதுகு காட்டிச் சமைத்து வருகின்றனர். ஒருவர் நின்றால் இடம் நிறைந்து போகின்ற அவ்வறைக்குள் மற்றொருவர் வந்து உதவுதலும் இயலாததாயிற்று. 'நகருங்கள், இடம் இல்லை' என்னும் சொல் எத்தனை அடுக்களைகளில் எத்தனை முறை கேட்கப்படுகின்றது! உதவ மனமில்லாதார்க்கு இஃதொரு நல்ல சாக்காகவும் பயன்படுகின்றது.

நடுமேடையை யாம் மதிப்பது இவ்வொரு காரணத்தாலேயே. சுவரை நோக்கியவரை அது வீட்டாரை நோக்கித் திருப்பக்கூடும். பிறர் வந்து அமர்ந்து கைகொடுக்க இடமும் தரக்கூடும். அப்பயனைத் தராத நடுமேடை எத்துணை மினுமினுப்பான கிரானைட்டால் ஆயினும் இடத்தை அடைக்கும் ஒரு கல்லே என்பது எம் கருத்து. எங்கே வைப்பது, எவ்வளவு உயர்த்துவது, அதன்கண் எதனைப் புகுத்துவது என்னும் வினாக்களையெல்லாம் இவ்வொரு பயனைக் கொண்டே தீர்த்தல் வேண்டும்.

மேனாட்டிலும் இச்சிக்கல் தோன்றியே தீர்ந்தது. ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில் 1926ஆம் ஆண்டில் மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்னும் பெண்மணியார் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென ஓர் அடுக்களையை வகுத்தார். ஏறக்குறைய 6 அடி அகலமும் 11 அடி நீளமுமே உடைய அச்சிற்றறையில் எடுப்பதும் வைப்பதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மாவுக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் மூக்குள்ள சிறு அலுமினியப் பெட்டிகள் சுவரிற் பதிக்கப்பட்டிருந்தன. அத்தகைய அடுக்களைகள் ஏறக்குறைய 10,000 கட்டப்பட்டன. தாம் அதனை வகுத்த காலத்திற் சமையல் செய்தறியாதவர் என்பதைப் பிற்காலத்தில் அவ்வம்மையாரே ஒளியாது சொல்லியிருக்கின்றார். சமைத்தறிந்த நம்மூர்க் கொத்தனார் எத்தனை பேர் என்று கேட்பின் நகைப்பே விடையாகும். ஆதலின் அது பற்றி அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவ்வறையில் எம் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. பலகணியின் கீழ் வேலைப்பலகை அமைத்து, அதன் முன் சுழலும் ஸ்டூல் ஒன்றையும் அவர் இட்டார். சமைப்பவர் அமர்ந்து காய் நறுக்கட்டும் என்பது கருத்து. ஆயினும் அறை ஒருவர்க்கே அளவாயிருந்தமையின், பெண்ணை அது தனிமைச் சிறையில் அடைத்தது என்று பின்வந்தோர் குறைகூறினர். சுவரை நீக்கி அடுக்களையைக் கூடத்தோடு சேர்க்கும் வழக்கமும் நடுமேடையும் மேனாட்டிற் செல்வாக்குப் பெற்றமைக்கு அக்குறையும் ஒரு காரணமாம்.

நம் மாவட்டத்திலோ இதற்கு மிகப் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. வடலூரில் இராமலிங்க வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அணையா அடுப்பை நேயர் பலரும் நேரிற் கண்டிருப்பர். அதன் நீளம் 21 அடி. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. வருவோர்க்கெல்லாம் பசி தீர்க்கும் அவ்வடுப்புக்கு முன் வீட்டு அடுக்களையை வைத்துப் பேசுதல் மலைக்கு முன் மடுவை வைத்தலாகும். எனினும் ஒரு பாடத்தை மாத்திரம் அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றோம். பலர்க்குச் சமைக்க அடுப்பு நீளலாம். அகலம் கை எட்டும் அளவைக் கடத்தலாகாது. இரண்டரை அடியென்பது நின்றவர் கை வருந்தாது எட்டும் எல்லையாகும். இக்காலத்துப் படங்களைப் பார்த்து நாலடி அகலத்தில் நடுமேடை கட்டுவோர் உளர். அதன் நடுப்பகுதியை யாரும் தொடமாட்டார். அங்கே பிளாஸ்டிக் பூச்சாடியும் மின்கட்டண ரசீதும் வாழும்.

இனி யாம் கண்ட ஒரு வீட்டைச் சொல்லுவோம். முதுநகரில் உப்பனாற்றுக்கு அணித்தாய் உள்ளது அது. அயல்நாட்டில் வேலை பார்க்கும் மகன் படம் அனுப்ப, அதன்படியே நடுமேடை எழுந்தது. உயரம் 36 அங்குலம். நடுவில் காஸ் அடுப்பு. ஒரு புறத்தில் உயர்ந்த ஸ்டூல் நான்கு. அடியில் மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையால் ஆகிய அலமாரிகள். வீட்டம்மையார் அறுபதைக் கடந்தவர். ஐந்தடிக்கும் சற்றுக் குறைந்தவர். 'ஐயா, என் பிள்ளை ஆசையாய்க் கட்டிக் கொடுத்திருக்கிறான். குழம்புச் சட்டிக்குள் என்ன இருக்கிறதென்று நான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது' என்று நகைத்துக்கொண்டே எம்மிடம் சொன்னார். ஸ்டூலின்மேல் அவரால் ஏறவியலவில்லை. ஏறிய பேரப்பிள்ளையின் முகத்திற்கு நேரே அப்பளம் பொரியும் எண்ணெய் கொதித்தது. ஆதலின் அவனும் அங்கே அமர்தல் தடுக்கப்பட்டது. நால்வர்க்கு இட்ட இருக்கையில் ஒருவரும் அமரவில்லை. அவ்வீட்டுப் பிழைகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்தால், நமக்கு வேண்டிய விதிகள் எல்லாம் கிடைத்துவிடும்.

முதலாவது நெருப்பு. நடுமேடையில் அடுப்பு வைத்தல் கூடாதென்பது எம் உறுதியான அபிப்பிராயம். சுவரோர அடுப்பின் புகையும் ஆவியும் பலகணி வழியே எளிதிற் போய்விடும். அறை நடுவில் உள்ள அடுப்புக்கு மேலே தொங்கும் புகைபோக்கி வேண்டும்; நாற்புறமும் காற்று அலைப்பதால் அதன் இழுவிசையும் மிகுதியாய் வேண்டும்; செலவும் இரட்டிக்கும். அதனினும் பெரிது காஸ் குழாய். சிலிண்டரினின்று அடுப்புக்குச் செல்லும் இரப்பர்க் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேற்படலாகாது என்றும், கண்ணுக்குத் தெரியும்படி இருத்தல் வேண்டும் என்றும் விதி இருக்கின்றது. நடுமேடைக்குக் குழாயைத் தரைக்கடியில் ஓட்டுவோரும், சிலிண்டரையே மேடைக்குள் அடைத்துக் கதவிடுவோரும் பேராபத்தை விலைக்கு வாங்குகின்றனர். காஸ் காற்றினும் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமுள்ளது. கசிந்தால் மேலெழுந்து போகாது, கதவடைத்த அறையின் அடியில் தண்ணீரைப் போலத் தேங்கி நிற்கும். பின் ஒரு தீப்பொறியே போதும். மேலும், சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சுக்குக் காயைத் தணலிலோ சுவாலையிலோ சுடுகின்ற வீடுகளில், அவ்வேலை பலகணிக்கு அருகில் நடத்தலே எல்லார்க்கும் நலம். ஆகவே அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் சுவரோரத்தில் இருக்கட்டும். நறுக்குதல், பிசைதல், உருட்டுதல், ஆய்தல் ஆகிய குளிர்ந்த வேலைகள் நடுமேடைக்கு உரியன.

இரண்டாவது உயரம். இது பற்றியே யாம் நீண்டு பேச விரும்புகின்றோம். ஏனெனில் மற்றப் பிழைகளைப் பின்னர்த் திருத்தலாம், கல்லைப் பதித்தபின் உயரத்தைத் திருத்துதல் அரிது. 36 அங்குலம் என்பது அமெரிக்க தேசத்தார் தம் உடலளவுக்கு வகுத்துக்கொண்ட வழக்கம். நம் நாட்டுப் பெண்டிரின் சராசரி உயரம் ஏறக்குறைய 5 அடியே. அத்தகையார் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கை தரையினின்று சுமார் 37 அல்லது 38 அங்குல உயரத்தில் இருக்கும். நின்று நறுக்குதற்குரிய மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். எனவே 32 முதல் 34 அங்குலமே அவர்க்குத் தக்கது. சப்பாத்தி மாவு பிசைதல் போன்று உடற்பாரத்தைக் கையில் இறக்கிச் செய்யும் வேலைக்கு இன்னும் தாழ்வாய் இருத்தல் நலம். கொத்தனார் கையில் உள்ள அளவுகோலை நம்பாது, சமைப்பவரை நேரே நிறுத்தி அளக்க வேண்டுமென்று சொல்லுதல் மிகையோ? சட்டை தைக்கும் தையற்காரர் கூட அளவெடுக்காமல் துணியை வெட்டுவதில்லை.

ஆயின் நடுமேடையின் உயரத்தை யாம் 30 அங்குலம் என்றே வைக்கச் சொல்லுவோம். அது சாதாரண மேசையின் உயரம். அம்மேடைக்கு உயர்ந்த ஸ்டூல் வேண்டா. வீட்டில் உள்ள எந்த நாற்காலியும் பொருந்தும். அமர்ந்தவர் கால் தரையிற் படும். மூட்டு வலியுள்ள பாட்டியார் அமர்ந்து கீரை ஆயலாம். பள்ளிப் பிள்ளை எதிரில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே பூண்டு உரிக்கலாம். அரிவாள்மணையை விட மாட்டேன் என்பவர், அதன் பலகையைத் துணி விரித்து மேடைமேல் நிறுத்தி நின்றுகொண்டே நறுக்கவும் இவ்வுயரம் இடங்கொடுக்கும். பண்ணுருட்டிப் பலாப்பழம் வருகின்ற மாதங்களில் இதன் அருமை நன்கு விளங்கும். பழத்தைத் தரையில் வைத்துக் குனிந்து அறுப்பதினும், பழைய செய்தித்தாள் விரித்த மேடையில் வைத்துக் கைக்கு எண்ணெய் தடவி அறுத்தல் எளிது. சுற்றி அமர்ந்தவர் சுளை எடுக்க, கொட்டையும் சடையும் தனித்தனி சேரும். சுளை எடுப்போர் வாயில் எத்தனை போகும் என்பது வேறு கணக்கு.

மூன்றாவது இடம். சுவரோர மேடைக்கு 2 அடி. அதற்கும் நடுமேடைக்கும் இடையே மூன்றரை அடி வழி. நடுமேடைக்கு இரண்டரை அடி. அதற்கப்பால் நாற்காலி இழுக்க 3 அடி. கூட்டினால் 11 அடி அகலம் வேண்டும். நீளத்திலோ, 4 அடி மேடைக்கு இரு தலைப்பிலும் மும்மூன்று அடி விட்டால் 10 அடி ஆகின்றது. வழியை மூன்றடிக்குக் கீழ்க் குறைத்தால், கொதிக்கும் சோற்றுப்பானையோடு திரும்புபவர் பின்னாலிருப்பவர் மேல் மோதுவது உறுதி. முதுநகரின் பழைய தெருக்களில் வீடுகள் முகப்புக் குறுகிப் பின்னே நீண்டிருத்தலின், இவ்வளவு அகலமுள்ள அடுக்களை பலர்க்குக் கிட்டாது. அவர் வருந்த வேண்டுவதில்லை. தீவு இல்லாவிடில் தீபகற்பம் உண்டு. அடுக்களைக்கும் கூடத்திற்கும் இடையே உள்ள சுவரை மார்பளவுக்குக் கீழே குறைத்து, அதன்மேல் இரண்டடி அகலக் கற்பலகையிட்டு, இருக்கைகளைக் கூடத்துப் பக்கம் போட்டுவிடின், எட்டடி அகல அறையிலும் இப்பயனைப் பெறலாம். பாரம் தாங்கும் சுவராயின் எஞ்சினீயரைக் கேளாது கை வைத்தலாகாது. இதுவும் இயலாத வாடகை வீட்டினர்க்கு, கெட்டியான பலாமரத்து மேசை ஒன்றே நடுமேடையாகும். வீடு மாறும்போது உடன் வருவது அதற்குள்ள தனிச்சிறப்பு, கிரானைட்டு வராது.

நான்காவது, பொருள் வைக்கும் அறை. ஈண்டு ஓர் இயற்கை முரண்பாட்டை மறைத்தலாகாது. படங்களிற் காண்பது போல இருக்கையும் அலமாரியும் ஒரே மேடைக்கடியில் நிறைய அமைய மாட்டா. ஏனெனில் இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. 30 அங்குல உயர மேடையில் ஒருவர் அமர, முழங்காலுக்கு 18 அங்குல ஆழம் வேண்டும். மேடையகலம் 30 அங்குலமாயின், அலமாரிக்கு எஞ்சியது 12 அங்குலமே. இதைக் கேட்டு முகஞ் சுளிப்பவர்க்கு யாம் சொல்லுவது, அப்பன்னிரண்டு அங்குலமே நல்லது என்பதாம். ஆழமான அலமாரியில் முன்வரிசைப் பொருளே பயன்படும். பின்வரிசையில் மூன்று வருடத்து மல்லித்தூள் கண்டெடுக்கப்படும். ஓரடி ஆழத் தட்டில் அஞ்சறைப்பெட்டியும் ஊறுகாய் ஜாடியும் பருப்பு டப்பாக்களும் ஒற்றை வரிசையாய் நின்று கண்ணுக்குத் தெரியும். கிரைண்டரைக் கீழ்த்தட்டில் வைத்தல் தவறு. அதன் கல்லைக் குனிந்து தூக்குதலினும் ஆட்டாமலிருத்தல் மேலெனத் தோன்றிவிடும். அதற்குச் சுவரோர மேடையின் மூலையே இடம். முழங்காலுக்கென முன்னே நீட்டிய கற்பலகைக்கு அடியில் இரும்புத் தாங்கியோ காலோ கட்டாயம் வேண்டும். பத்து அங்குலத்திற்கு மேல் தாங்கலின்றி நீட்டிய கல் பிள்ளைகள் ஏறி அமர்ந்தால் முறியும்.

இவையெல்லாம் எவ்வூர்க்கும் பொருந்துவன. நம்மூர்க்கே உரிய விதி ஒன்றுண்டு, அது வெள்ளம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தது. 2011 டிசம்பர் 30இல் தானேப் புயல் கூரைகளைக் கொண்டு சென்றது. 2015 நவம்பர், டிசம்பரிலும், சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகிய 2024 டிசம்பரிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கெடிலமும் பரவனாறும் உப்பனாறும் வெள்ளாறும் கொள்ளிடமும் நம் மாவட்டத்தின் வழியே கடல் சேர்கின்றன. அந்நீர் எல்லாம் தாழ்ந்த இடத்தையே நாடும். அடுக்களையில் தாழ்ந்த இடம் எது? நாம் அரிசியும் பருப்பும் வைக்கும் அவ்வலமாரியின் அடித்தட்டே. மேலே சொன்ன வீட்டில் 2015இல் முழங்காலளவு நீர் இரண்டு நாள் நின்றது. நீர் வடிந்தபின் அம்மரத்தூட் பலகைகள் ஊறிய ரொட்டியைப் போல உப்பி, கீல்களை விட்டுக் கழன்று விழுந்தன. அரிசி போனது; மளிகைப் பொருள் எல்லாம் போயின. கடையும் திறவாத அந்நாட்களில் அவ்வீட்டார் பக்கத்துத் தெரு மாடி வீட்டாரின் தயவால் உண்டனர்.

ஆதலின் இவ்வூரில் நடுமேடை கட்டுவோர், முதலில் அண்டை வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எவ்வளவு உயரத்தில் உள்ளதென்று அளந்து வருக. மேடையின் கால்களைச் செங்கல்லால் கட்டிச் சிமெண்டு பூசுக. அடியில் ஓரடி உயரம் ஒன்றும் இன்றி வெறுமையாய் இருக்கட்டும். துடைப்பம் நுழைவதற்கும் கரப்பான் ஒளியாமைக்கும் அதுவே நன்று. அதற்குமேல் ஓரடி நான்கு அங்குலம் எஞ்சும். கடப்பைக்கல்லால் ஒரு தட்டிட்டு ஈரடுக்காக்கிக் கொள்ளலாம். மரந்தான் வேண்டுமெனின் ஐ.எஸ். 710 என முத்திரையிட்ட நீர்தாங்கும் பிளைவுட்டையே கேட்டு வாங்குக. கதவு அலுமினியமாகவும், கீலும் திருகாணியும் துருப்பிடியா எஃகாகவும் இருத்தல் வேண்டும். முதுநகரின் உப்புக்காற்று சாதாரண இரும்புக் கீலை மிக விரைவில் தின்றுவிடும். வெள்ளக்கறை இரண்டடிக்கு மேலிருக்கும் தெருக்களில், நடுமேடைக்கடியில் உணவுப் பொருளே வையாது பாத்திரங்களை மாத்திரம் வைத்து, அரிசியைச் சுவரின் மேல்தட்டுக்கு ஏற்றுவதே விவேகம்.

மீனைப் பற்றியும் ஒரு சொல். துறைமுகத்தினின்று வரும் மீனை இம்மேடைமேல் ஆய்வோம் என்று எண்ணுவோர், வடிகால் இல்லாத கல்லின் மேல் அதனை ஒருமுறை ஆய்ந்து பார்த்தால் மறுமுறை எண்ணமாட்டார். கொல்லையில் தண்ணீர்க் குழாயின் அருகே உள்ள பழைய கல்லும், சாம்பலும், அரிவாள்மணையும், சுற்றி நிற்கும் பூனைகளும் அவ்வேலைக்குப் போதும். புது வீடு கட்டுவோர் அக்கல்லைப் பெயர்த்தெறியாதிருக்கட்டும்.

இருக்கையில் யார் அமர்வது என்னும் வினாவையும் விடலாகாது. புதுமனைகள் சிலவற்றில் யாம் கண்டது யாதெனின், ஆடவர் அங்கமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே 'இன்னொரு தோசை' என்கின்றனர். சுவரை நோக்கி நின்ற தாயார் இப்போது அவரை நோக்கி நிற்கின்றார், மாறுதல் அவ்வளவே. முன்பு கூடத்திற்குக் கொண்டுபோய்ப் பரிமாறினார்; இப்போது நடை குறைந்தது உண்மை. ஆயினும் இதற்காகவா ஐம்பதினாயிரமும் இலட்சமும் செலவிடுவது? எம் மாணவ நண்பர்கட்கு, சிறப்பாக ஆண் மாணவர்க்கு, ஒன்று சொல்லுவோம். அவ்விருக்கையின் முன் தட்டு வருமுன் வெங்காயம் வரட்டும். விடுதியில் தம் துணியைத் தாமே துவைக்கும் கை, வீட்டில் வெங்காயம் உரிக்க நாணுவதற்குக் காரணம் காண்கிலோம். இதனை வீட்டு அமைப்பால் மாத்திரம் கொண்டுவர இயலாது என்பாரும் உளர். மெய்யே, எனினும் உதவ நினைப்பவர்க்கு உட்கார இடமின்றி இருந்த குறையையாவது மேடை போக்குகின்றதன்றோ?

கட்டத் துணிந்தோர் கல் வாங்குமுன் ஒரு வாரம் பொறுத்தல் வேண்டும். கோலமாவை எடுத்து, மேடை வரும் இடத்தை அடுக்களைத் தரையில் அளவாய் வரைக. அக்கோட்டுக்குள் கால் வையாது ஒரு வாரம் சமைத்துப் பார்க்க. எங்கே கோடு அழிகின்றதோ அங்கே மேடை குறைய வேண்டுமென்று பொருள். இரண்டு மரப்பெட்டிகளின் மேல் ஒரு பலகையை 30 அங்குல உயரத்தில் வைத்து அமர்ந்து பார்த்தல் இன்னும் நல்லது. செலவு ஒரு கைப்பிடி மாவு.

முதுநகர் அம்மையாரின் மேடை இப்போது அவ்வாறு இல்லை. வெள்ளத்திற்குப் பின் அதனை ஆறு அங்குலம் அறுத்துத் தாழ்த்தினர். அடுப்பைப் பலகணியோரம் மாற்றினர். அடுப்பிருந்த துவாரத்தை வேறு நிறக் கல்லால் அடைத்தனர். ஒட்டு நன்றாய்த் தெரிகின்றது, பார்ப்பதற்கு அழகில்லை. ஸ்டூல் நான்கும் மாடியில் துணி உலர்த்தும் இடத்தில் இருக்கின்றன. சென்ற முறை யாம் சென்றபோது, அம்மையார் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே அமர்ந்திருந்த பேரன் காம்பையும் இலையையும் சேர்த்தே உருவிக் கிண்ணத்திற் போட, அவர் அதனை மறுபடியும் பிரித்துக்கொண்டிருந்தார்.